ஒன்ராறியோ கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கிறீர்களா? முதல் ஆறு கிழமைக்கான வழிகாட்டி

ஊரிலிருந்து வந்து, ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ பிராம்டனிலோ ஒரு பேஸ்மென்டில் குடியேறி, பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்காமல் "பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது" என்று யோசித்துக்கொண்டிருக்கிற தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பேர் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்தவர்கள். நாங்கள் சைவக்காரர். மகன் ஊரில் சாதாரண தரம் எழுதிவிட்டு 16 வயதில் வந்தவன், மகள் இங்கேயே 9ஆம் வகுப்பில் தொடங்கியவள். மகனுக்கு ஒன்றும் தெரியாமல் பல பிழை விட்டோம், மகளின் முறை வந்தபோது அதையெல்லாம் திருத்திக்கொண்டோம்.

ஒரு விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும். ஆயிரம் பேரளவில் படிக்கிற, ஒவ்வொரு வருசமும் இன்னும் ஆட்கள் வந்து சேர்கிற பள்ளிக்கூடத்தில் அமைதியான பிள்ளையை யாரும் தேடி வந்து கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆசிரியர்கள் அக்கறையானவர்கள்தான், ஆனால் ஒரு நாளைக்கு எழுபது, எண்பது முகங்களைப் பார்க்கிறார்கள். ஆகவே முதல் ஆறு கிழமைக்குள் அங்கே ஒரு பெரியவருக்காவது உங்கள் பிள்ளையின் பெயரும் முகமும் நிலைமையும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நீங்களும் பிள்ளையும்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

யார் சேரலாம்?

"கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் என்றால் காசு கட்ட வேண்டுமே" என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்ராறியோவில் அப்படி இல்லை. இங்கே கத்தோலிக்க போர்டுகளின், அதாவது ஒரு பகுதியின் பள்ளிக்கூடங்களை நடத்துகிற கல்விச் சபைகளின், பள்ளிக்கூடங்கள் அரசாங்கப் பணத்தில் நடக்கின்றன. இந்த உரிமையின் வேர் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் நெடுங்காலமாக 10ஆம் வகுப்பு வரைக்கும்தான் அரசாங்கம் காசு கொடுத்தது, அதற்கு மேலே பெற்றோர்தான் கட்டணம் கட்டிப் படிப்பித்தார்கள். 1984இல் மாகாண முதல்வர் பில் டேவிஸ் முழு நிதியும் கொடுப்பதாக அறிவித்தார், 1986இல் சட்டமானது, 1987இல் கனடா உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொன்னது. அதற்குப் பிறகுதான் இந்த உயர்நிலைப் பள்ளிக்கூடங்கள் இவ்வளவு வேகமாகப் பெருகின. இப்போது மாகாணத்தில் ஆங்கிலக் கத்தோலிக்க போர்டுகள் மட்டும் 29 இருக்கின்றன. ரொறன்ரோ, யோர்க், டர்ஹம், டஃபரின்-பீல், ஹோல்டன் ஆகியவை நம் ஆட்கள் கூடுதலாக வாழ்கிற பக்கத்தில் உள்ளவை. கட்டணம் வாங்குகிற தனியார் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களும் சில உண்டு, ரொறன்ரோவில் சென்ட் மைக்கல்ஸ் கொலேஜ் ஸ்கூல் அப்படியானது. நான் எழுதுவது போர்டு பள்ளிக்கூடங்களைப் பற்றி.

ஆரம்பப் பள்ளிக்குப் பொதுவாகப் பிள்ளைக்கோ பெற்றோரில் ஒருவருக்கோ ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். 9ஆம் வகுப்பிலிருந்து நிலைமை வேறு. இந்துவோ முஸ்லிமோ, எந்த மதமும் இல்லாதவரோ, யாரும் சேரலாம் என்று ஒன்ராறியோ கல்விச் சட்டம் சொல்கிறது. இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வளர்கிற பள்ளிக்கூடங்களில் அந்த இடம்தான் பிரச்சினை. கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிகளிலிருந்து வருகிற பிள்ளைகளைத்தான் பொதுவாக முதலில் எடுப்பார்கள், மற்றவர்கள் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகக்கூடும். பிள்ளை 8ஆம் வகுப்பில் இருந்தால் இலையுதிர் காலத்தில் நடக்கிற அறிமுக இரவுக்குக் கட்டாயம் போங்கள், விண்ணப்பத்தைக் குளிர்காலம் வரை இழுக்காதீர்கள்.

எல்லாப் பள்ளிக்கூடமும் ஒரே அச்சில் வார்த்ததும் இல்லை. நீல் மக்நீல் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். ஸ்காபரோவிலுள்ள மேரி வார்ட்டில் பிள்ளைகள் தாங்களே நேரத்தைத் திட்டமிட்டு, பாடத்தை அலகு அலகாக முடித்துக்கொண்டு போகிற முறை. பெயரைக் கேட்டு மயங்காமல் பிள்ளையின் குணத்துக்கு எது சரிவரும் என்று பாருங்கள். நேரத்தைத் தானாக ஒழுங்குபடுத்தத் தெரியாத பிள்ளைக்கு அப்படிப்பட்ட சுதந்திரம் பெரிய பாரம்.

பத்திரங்கள்

ஒரு கோப்பில் இவற்றை வையுங்கள்: பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், குடிவரவுப் பத்திரம், வீட்டு முகவரிக்கு ஆதாரம், ஊசி அட்டை, ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தால் அது, பழைய பள்ளிக்கூடத்தின் பெறுபேறுகள். அகதிக் கோரிக்கை நடந்துகொண்டிருக்கிறதா, விசா சிக்கலா, அதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். பெற்றோரோ பிள்ளையோ சட்டப்படியான நிலை இல்லாமல் இருக்கிறார்கள் என்ற காரணத்துக்காக 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று அதே கல்விச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஒஃபிஸில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் போர்டுக்கு அழைத்துக் கேளுங்கள், குரலைத் தாழ்த்தத் தேவையில்லை.

ஊசி விபரத்தைப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு நீங்கள்தான் அறிவிக்க வேண்டும், டொக்டர் தானாக அனுப்பிவிடுவார் என்று இருக்காதீர்கள். விபரம் குறைவாக இருந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும், அதையும் கவனிக்காவிட்டால் பிள்ளையைச் சில நாள் வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

பெறுபேற்றுத் தாள் விசயத்தில்தான் நாங்கள் பெரிய பிழை விட்டோம். மகனின் சாதாரண தரப் பெறுபேறு யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் அலுமாரிக்குள் கிடந்தது, "பிறகு எடுப்பிப்போம்" என்று விட்டுவிட்டோம். இங்கே பள்ளிக்கூடத்தில் அவனுடைய கணக்கு, விஞ்ஞானம் எதற்கும் ஆதாரம் இல்லை என்று கீழ் வகுப்புப் பாடங்களில் போட்டார்கள், யாரும் திரும்பக் கேட்கவும் இல்லை. அரை வருசம் தெரிந்ததையே திரும்பப் படித்து அலுத்துப்போனான். வெளிநாட்டில் படித்ததற்குச் சமமான கிறெடிட்டுகளை (ஒரு பாடத்தை முடித்ததற்குச் சேர்கிற அலகுகளை) கொடுக்கிற அதிகாரம் அதிபருக்கு இருக்கிறது, ஆனால் தாளைக் காட்டினால்தான் கொடுக்கலாம். ஆகவே ஊரிலிருந்து புறப்பட முன்னரே எடுத்து, மொழிபெயர்த்து, இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீடும் பாடத் தெரிவும்

புதிதாக வந்த பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஒரு மதிப்பீடு செய்வார்கள். இது சோதனை இல்லை, சித்தி தோல்வி கிடையாது. இதைப் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள், ஏனென்றால் நம் பிள்ளைகள் பயத்தில் தெரிந்ததையும் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக வருகிற பிள்ளைகளுக்கு ஈ.எஸ்.எல். ஐந்து படிகளில் இருக்கிறது. அதில் போட்டால் அவமானம் என்று சண்டை பிடிக்கிற பெற்றோரைக் கண்டிருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். ஈ.எஸ்.எல். கிறெடிட்டுகளில் மூன்று வரை கட்டாய ஆங்கிலக் கிறெடிட்டுகளாகவே கணக்கில் வரும், வீணாகப் போவதில்லை.

உயர்நிலைப் பள்ளியை முடித்ததற்கான டிப்ளோமா எடுக்க 30 கிறெடிட் வேண்டும். ஒரு கிறெடிட் என்பது 110 மணித்தியாலப் பாடம். 2024 செப்டம்பரிலோ அதற்குப் பிறகோ 9ஆம் வகுப்புத் தொடங்கியவர்களுக்கு அதில் 17 கட்டாயம், 13 விருப்பத் தெரிவு. பெரும்பாலான இடங்களில் வருசம் இரண்டு செமஸ்டர், ஒவ்வொன்றிலும் நாலு பாடம். ஊரில் ஒன்பது, பத்துப் பாடத்தை ஒன்றாகப் படித்த பிள்ளைக்கு முதலில் இது சுகமாக இருக்கும், ஆனால் ஐந்தே மாதத்தில் ஒரு வருசப் பாடம் முடிந்துவிடும் என்பதை ஒக்டோபரில்தான் உணர்வார்கள். 9ஆம் வகுப்பில் இப்போது பிரிவு இல்லை, எல்லோரும் ஒன்றாகப் படிக்கிறார்கள். 11, 12இல்தான் பல்கலைக்கழகத்துக்கு, கல்லூரிக்கு, வேலைக்கு என்று பாடங்கள் தெளிவாகப் பிரியும். அதோடு இரண்டு கிறெடிட் ஆன்லைனில் செய்ய வேண்டும். பெற்றோர் எழுதிக் கொடுத்தால் இந்த ஆன்லைன் நிபந்தனையிலிருந்து விலகலாம், புதிதாக வந்த பிள்ளை விலகுவதே நல்லது என்பது என் எண்ணம்.

கோ-ஒப் என்று வேலைத்தலத்தில் போய்ப் படிக்கிற வகுப்பு, கைத்தொழில் பயிற்சி, ஒரு துறையில் கூடுதலாகப் படிக்கிற எஸ்.எச்.எஸ்.எம்., சில இடங்களில் பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்துகிற கடினமான ஐ.பி., ஏ.பி. பாடத்திட்டங்கள் எல்லாம் இருக்கும். நம் ஆட்கள் ஐ.பி. ஒன்றைத்தான் விசாரிப்பார்கள். என் மகன் கோ-ஒப்பில் ஒரு வாகனத் திருத்தகத்துக்குப் போன நாலு மாதத்தில்தான் ஆங்கிலம் கூச்சமில்லாமல் கதைக்கப் பழகினான். விசாரித்துப் பாருங்கள்.

வளர்கிற பள்ளிக்கூடம் என்றால் நாளாந்தம் எப்படி இருக்கும்?

புதுக் குடியிருப்புகள் எழும்பிய பக்கங்களில் கட்டடத்தின் அளவைத் தாண்டிப் பிள்ளைகள் சேர்ந்துவிடுவார்கள். பின்பக்க மைதானத்தில் வரிசையாகப் போட்டபிள் நிற்கும், கொண்டுவந்து இறக்கி வைத்த தனித்தனி வகுப்பறைகள்தான் அவை. குளிரில் கோட்டைப் போட்டு வகுப்புக்குப் போய், பாத்ரூமுக்குப் பிரதான கட்டடத்துக்கு வந்து, திரும்ப ஓட வேண்டும். லொக்கர் தூரமாக இருந்தால் ஜனவரியில் கோட்டோடேயே நாள் முழுக்கத் திரிவார்கள். நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுங்கள், பையில் ஒரு ஸ்வெட்டர் எப்போதும் கிடக்கட்டும், ஆனால் அது யூனிஃபோமில் அனுமதித்த ஸ்வெட்டராக இருக்க வேண்டும்.

யூனிஃபோமைப் பள்ளிக்கூடம் சொல்கிற கடையில்தான் வாங்க வேண்டும். விலை கொஞ்சம் கூட. சில பள்ளிக்கூடங்களில் பாவித்த உடுப்பை மலிவாகவோ சும்மாவோ கொடுப்பார்கள், ஒஃபிஸில் மெதுவாகக் கேளுங்கள். மாதத்தில் ஒரு நாள்போல "சிவீஸ் டே" வரும், ஒன்றிரண்டு டொலர் கொடுத்துவிட்டு விருப்பமான உடுப்பில் போகலாம், சேர்கிற காசு பெரும்பாலும் தர்ம காரியத்துக்குப் போகும். அன்றைக்குத் தெரியாமல் யூனிஃபோமில் போன பிள்ளை எவ்வளவு கூனிக்குறுகி நிற்கும் என்று எனக்குத் தெரியும், ஆகவே பள்ளிக்கூட நாட்காட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.

செப்டம்பர் நடுவில் டைம்டேபிள் மாறினால் பதற வேண்டாம். எத்தனை பிள்ளைகள் உண்மையாக வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து வகுப்புகளைச் சேர்ப்பார்கள், பிரிப்பார்கள். ஒரு பாடத்துக்கு ஆள் குறைவென்றால் அது நடக்காமலும் போகும். புதிதாகத் திறந்த பள்ளிக்கூடமாக இருந்தால் முதல் வருசம் 9, 10 மட்டும் வைத்து, பிறகு வருசத்துக்கு ஒரு வகுப்பாகக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். அப்படியான இடத்தில் மூத்த மாணவர்களே இருக்க மாட்டார்கள். பாடத் தெரிவு குறைவு, ஆனால் 9ஆம் வகுப்புப் பிள்ளைக்கே அணியில் இடமும் மாணவர் சங்கத்தில் பொறுப்பும் கிடைக்கும். கூச்சமுள்ள பிள்ளைக்கு அது நல்ல வாய்ப்பு.

மதியச் சாப்பாட்டை இரண்டு தவணையாகப் பிரிக்கிற பள்ளிக்கூடங்கள் உண்டு. நண்பனுக்கு வேறு தவணை வந்தால் பிள்ளை தனித்துவிடும். என் மகன் இரண்டு மாதம் நூலகப் பக்கத்து நடைபாதையில் இருந்து சாப்பிட்டான், எங்களுக்குச் சொல்லவே இல்லை. "இன்றைக்கு என்ன படித்தாய்" என்பதோடு "யாரோடு இருந்து சாப்பிட்டாய்" என்றும் கேளுங்கள்.

வகுப்பு நேரத்தில் ஆசிரியர் அனுமதித்தால் தவிர போன் பாவிக்கக்கூடாது என்று 2024 செப்டம்பரிலிருந்து மாகாணம் முழுக்க விதி. அவசரமென்றால் ஒஃபிஸுக்கு எடுங்கள், பிள்ளைக்கு எடுக்காதீர்கள். ரொறன்ரோவுக்குள் உயர்நிலை மாணவர்கள் பெரும்பாலும் ரி.ரி.சி.யில்தான், அதாவது நகரப் பஸ், சுரங்க ரயிலில்தான், போய்வருகிறார்கள். பிரெஸ்டோ என்ற பயண அட்டையில் வயதைப் பதிந்து 13 முதல் 19 வரையுள்ள இளையோர் கட்டணத்துக்கு மாற்றிவிடுங்கள், மாற்றாவிட்டால் பெரியவர் கட்டணம் வெட்டிக்கொண்டே இருக்கும்.

மதப்பாடமும் பூசையும்

சைவக் குடும்பங்கள் என்னிடம் கூடுதலாகக் கேட்பது இதைத்தான். ஒவ்வொரு வருசமும் ஒரு மதப்பாடம் உண்டு, அதுவும் கிறெடிட்தான். 11ஆம் வகுப்பில் உலக மதங்களைப் படிப்பார்கள். கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைக்குப் பெற்றோர் எழுத்தில் விண்ணப்பித்து விலக்குக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் திருக்குடும்பக் கன்னியர் மடத்திலும் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் எத்தனை சைவப் பிள்ளைகள் படித்தார்கள், திருநீறு அழியவா போனது? அங்கே போகிறோம் என்றால் அங்கே நடப்பதில் பங்கெடுப்போம் என்று முடிவெடுத்தோம். உங்களுக்கு மனம் ஒவ்வவில்லை என்றால் விலக்குக் கேளுங்கள், அல்லது பொதுப் போர்டுப் பள்ளிக்கூடத்தில் சேருங்கள், அவையும் நல்ல பள்ளிக்கூடங்கள்தான். சேர்த்துவிட்டு நாலு வருசம் வீட்டில் புறுபுறுப்பதுதான் பிள்ளையை இரண்டு பக்கமும் இழுக்கும்.

பூசை வருசத்தில் சில தடவை நடக்கும், தொடக்கத்தில், நத்தாருக்கு முன்னர், விபூதிப் புதனன்று, உயிர்த்த ஞாயிறை ஒட்டி. எல்லோரும் எழும்பும்போது எழும்பி, இருக்கும்போது இருந்தால் போதும். நற்கருணை, அதாவது பூசையில் குருவானவர் கொடுக்கிற அப்பம், கத்தோலிக்கர்களுக்கு மட்டும். வரிசையில் போனால் இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், குருவானவர் ஆசீர்வாதம் மட்டும் கொடுப்பார். போகாமல் இருக்கையில் இருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இதைப் பிள்ளைக்கு முதல் பூசைக்கு முன்னரே சொல்லிக்கொடுங்கள், தெரியாமல் கையை நீட்டிவிட்டுப் பிறகு தவிக்க வேண்டி வரும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கன்டீனில் இறைச்சி இல்லாமல் இருக்கும், நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை மரக்கறிதானே, அது பழக்கப்பட்டதுதான்.

மகள் முதல் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தாள். அப்போது எங்களோடு இருந்த அம்மம்மா வாசலில் நின்று வடிவாகப் பார்த்துவிட்டு, "அவையளும் பூசுவினமோ, நல்லது" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார். 11ஆம் வகுப்பில் உலக மதப் பாடத்துக்கு அந்தச் சாம்பலையும் எங்கள் திருநீற்றையும் வைத்தே மகள் கட்டுரை எழுதினாள்.

தட்ட வேண்டிய மூன்று கதவுகள்

முதலாவது கைடன்ஸ். பாடத் தெரிவு, கிறெடிட், விண்ணப்பம் எல்லாம் இவர்கள் கையில். பிள்ளைக்கு ஒரு கவுன்சிலர் ஒதுக்கப்பட்டிருப்பார். முதல் கிழமை அங்கே ஊர்வலம் போகிற கூட்டம், இரண்டாம் கிழமை போகச் சொல்லுங்கள். கேட்க ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்துவிடுங்கள், "நான் எடுக்கிற பாடங்கள் 12ஆம் வகுப்பில் எனக்கு வேண்டியதற்குக் கொண்டுபோகுமா?" என்பது நல்ல கேள்வி. சில பள்ளிக்கூடங்களுக்குப் புதியவர்களுக்கான குடியேற்ற உதவியாளர் வருவார், அவர் தமிழில் கதைக்கக்கூடியவராகவும் இருக்கலாம், அதையும் இங்கேயே கேளுங்கள்.

இரண்டாவது சப்ளினின் அறை. சப்ளின் என்பவர் பெரும்பாலும் குருவானவர் அல்ல, பள்ளிக்கூடத்தின் ஆன்மிக வாழ்க்கையைப் பார்க்கிற சாதாரண உடுப்புக்காரர். வகுப்புக்கு ஒன்றாகத் தியானப் பயணம் கொண்டுபோவது, உணவு வங்கிக்குப் பொருள் சேர்ப்பது, வீட்டில் செத்தவீடு நடந்த பிள்ளையோடு இருந்து கதைப்பது எல்லாம் இவர் வேலை. பிள்ளையிடம் மதம் கேட்க மாட்டார், புள்ளியும் போட மாட்டார். நடைபாதையில் இருந்து சாப்பிட்ட என் மகனை உணவுப் பெட்டி தூக்க உதவிக்குக் கூப்பிட்டவர் ஒரு சப்ளின்தான். அன்றிலிருந்து மத்தியானம் அந்த அறைதான் அவனுக்கு, அங்கேதான் முதல் நண்பன் கிடைத்தான். இந்தப் பள்ளிக்கூடங்களில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் இந்த அறையைத்தான் சொல்வேன்.

மூன்றாவது ஒரு கழகம் அல்லது அணி. ஒன்றுதான், ஐந்து வேண்டாம். பெரிய பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து அணிக்கு நூறு பேர் போட்டியிடுவார்கள், ஓட்டம், மேடை விளக்கு, ரோபோட்டிக்ஸ், இசைக்குழு போன்றவற்றில் இடம் சுலபமாகக் கிடைக்கும். தமிழ்ப் பிள்ளைகள் கூடுதலாக உள்ள இடங்களில் தமிழ் மாணவர் சங்கம் இருக்கும், ஜனவரி தமிழ் மரபுத் திங்களில் பொங்கல் விழா செய்வார்கள். இல்லாவிட்டால் ஒரு ஆசிரியர் பொறுப்பெடுத்தால் தொடங்கலாம். சனிக்கிழமைத் தமிழ் கிறெடிட் வகுப்பும் பல போர்டுகளில் உண்டு, அதுவும் அந்த 30இல் சேரும்.

நாற்பது மணித்தியாலம்

டிப்ளோமாவுக்கு 40 மணித்தியாலச் சமூகப் பணி கட்டாயம். 8ஆம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம். கோயில் அன்னதானம், தேவாலயம், தமிழ்ப் பள்ளி, முதியோர் இல்லம் எல்லாம் பொதுவாகச் சரிவரும். சம்பளம் வாங்குகிற வேலையும் சொந்த வீட்டு வேலையும் கணக்கில் வராது. கத்தோலிக்க போர்டுகள் சில, செய்த பணியைப் பற்றிப் பிள்ளை ஒரு சிறு குறிப்பும் எழுத வேண்டும் என்று கேட்கும். செய்ய முன்னர் கைடன்ஸில் காட்டி ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள், செய்த அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். 12ஆம் வகுப்பு மே மாதத்தில் கையெழுத்துத் தேடி அலைகிற பிள்ளைகளை ஒவ்வொரு வருசமும் பார்க்கிறேன். 10ஆம் வகுப்பில் எழுத்தறிவுச் சோதனையும் வரும். முதல் தடவை சரிவராவிட்டால் திரும்ப எழுதலாம், அதற்குப் பதிலாக ஒரு பாடமும் எடுக்கலாம்.

நவம்பரில் உங்கள் வேலை

முதல் இடைக்கால அறிக்கை நவம்பரில் வரும். 50 சித்தி, ஆனால் மாகாணம் எதிர்பார்க்கிற அளவு 70. புள்ளிக்குப் பக்கத்தில் வேலைப் பழக்கத்துக்கு இட்ட தர எழுத்துகள் இருக்கும், புதிதாக வந்த பிள்ளைக்கு நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் ஆங்கிலம் ஏற ஏறப் புள்ளி ஏறும். பெற்றோர் சந்திப்புக்கு நேரம் ஆன்லைனில் பதிய வேண்டும், பிரபலமான ஆசிரியர்களின் நேரம் சில மணித்தியாலத்தில் முடிந்துவிடும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் ஒரு கிழமை முன்னரே ஒஃபிஸில் சொல்லிவையுங்கள், பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். ஐந்து நிமிடம்தான் தருவார்கள். "என் பிள்ளை வகுப்பில் யாரோடு இருக்கிறது, கை உயர்த்திக் கேள்வி கேட்கிறதா?" என்று கேளுங்கள். ஆசிரியர் யோசிக்காமல் பதில் சொன்னால் பிள்ளையைத் தெரிந்துவைத்திருக்கிறார் என்று அர்த்தம். கணினித் திரையைப் பார்த்துத் தேடினால் அடுத்த நாளே கைடன்ஸுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.